விழுங்கிய தூண்டில் முள்ளைக் கண்டுபிடிப்பது: ஸ்டர்ஜன் களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓடும் ஸ்நேக் ஆற்றில் வெள்ளை ஸ்டர்ஜன் வாழ்கிறது. வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களில் இதுதான் மிகப் பெரியது. 10 அடியைத் தாண்டியவை இன்றும் அந்த ஆற்றில் தூண்டிலில் மாட்டுகின்றன. 100 வயதை எட்டக்கூடிய மீன் இது. 1970 முதல் ஐடஹோவில் ஸ்டர்ஜனைப் பிடித்தால் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தச் சட்டம் இல்லையென்றால் இந்த மீன் இவ்வளவு மிஞ்சியிருக்காது. ஆனால் நீண்ட ஆயுளும் பிடித்து விடும் பழக்கமும் சேரும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஒரே மீன் தன் வாழ்நாளில் பலமுறை தூண்டிலைச் சந்திக்கிறது. தூண்டில் நரம்பு (தூண்டில் கயிறு) அறுந்து ஆற்றடியில் கிடக்கும் இரையை எடுக்கும்போது உள்ளே இருக்கும் முள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

வயிற்றுக்குள் கிடக்கும் அந்த முள்ளை, மீனை அறுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்நேக் ஆற்றில் ஆராய்ச்சியாளர்கள் மெட்டல் டிடெக்டரையும், எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவியையும் பயன்படுத்துகிறார்கள். மீன்வளம் படித்துவிட்டு முதல்முறையாக இப்படிப்பட்ட கணக்கெடுப்புக் குழுவில் சேர்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கருவியை இயக்கக் கற்பது அரைமணி நேர வேலை. ஒவ்வொரு மீனையும் ஒரே மாதிரி, அவசரமில்லாமல், அதே சமயம் மீனுக்குச் சிரமம் தராமல் பார்ப்பதுதான் கற்க நாளாகும் விஷயம்.

முள் எங்கே போய் நிற்கும்?

ஸ்டர்ஜனுக்குப் பல் கிடையாது. தலையின் அடிப்பக்கம் குழாய் போல நீளும் வாய், அதற்கு முன்னால் நான்கு மீசைகள். மீசையால் ஆற்றடியைத் தடவி, இரை தட்டுப்பட்டதும் வாயை நீட்டி உறிஞ்சிக்கொள்ளும். மெல்லும் வேலையே இல்லாததால் இரையோடு முள்ளும் முழுசாக உள்ளே போகிறது.

அப்புறம் அது தங்குவதற்கு மூன்று இடங்கள் உண்டு. ஒன்று தொண்டை. இரண்டாவது இரைப்பை, குறிப்பாகத் தடித்த தசையுள்ள அதன் கடைசிப் பகுதி. மூன்றாவது குடல். ஸ்டர்ஜனின் குடலுக்குள் திருகுபோலச் சுற்றிச் செல்லும் ஒரு மடிப்பு இருக்கிறது, நீளமான எதுவும் அதில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். உடலின் வெளியே இவை எங்கே அமைகின்றன என்பதை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொண்டை, அங்கிருந்து வயிற்றின் நடுப்பகுதி வரை இரைப்பை, அதற்குப் பின்னால் கழிவுத் துவாரம் வரை குடல். நீங்கள் கருவியை நகர்த்தப் போவதும் இதே வரிசையில்தான்.

கிளம்பும் முன்

முதலில் அனுமதி. ஐடஹோவில் தூண்டில் போடுபவர் ஸ்டர்ஜனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. ஏணையில் (மீனைத் தாங்கும் துணித் தொட்டில்) கிடத்துவது, மீனை அடையாளம் காண உடலுக்குள் அடையாளச் சில்லு செலுத்துவது, எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக் குழு மட்டுமே செய்யக்கூடியவை. புதிதாகச் சேர்பவர் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். என்னென்ன செய்யலாம், எத்தனை மீன், எந்த மாதங்களில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பெரிய மீனுக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். இருவர் மீனைப் பிடிக்க, ஒருவர் கருவியைப் பிடிக்க, ஒருவர் எழுத. எழுதுபவரிடம் வேறு வேலை எதையும் தராதீர்கள். நேரத்தைப் பார்த்துச் சொல்வதும் அவர் பொறுப்பு.

கருவியைச் சோதிப்பது

கையடக்க மெட்டல் டிடெக்டரில் பல வகை உண்டு. விமான நிலையத்தில் உடலைத் தடவிப் பார்க்கும் மட்டை ஒரு வகை. புதைந்த நாணயம் தேடுபவர்கள் வைத்திருக்கும் சிறிய குச்சி போன்றது இன்னொரு வகை. எதுவானாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எல்லா உலோகத்துக்கும் ஒலிக்குமா, இரும்புக்கு மட்டுமா? இரும்பை மட்டும் உணரும் கருவி, தூண்டிலைத் தண்ணீரில் ஆழ்த்தக் கட்டும் ஈயக்குண்டைக் காட்டாது. அடுத்து, அசைத்துக்கொண்டே இருந்தால்தான் ஒலிக்குமா, ஓரிடத்தில் நிறுத்தினாலும் ஒலிக்குமா? அசைவில் வேலை செய்யும் கருவியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சத்தம் வரவில்லை, உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு செய்தால் அந்தப் பதிவே தவறாகிவிடும்.

தினமும் காலையில், முதல் மீன் வரும் முன்பே, கருவி எவ்வளவு தூரத்தில் முள்ளை உணர்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு பிவிசி குழாயின் நுனியில் அந்த ஆற்றில் புழங்கும் அளவுள்ள முள் ஒன்றை டேப்பால் ஒட்டுங்கள். குழாயை ஆற்றுத் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து, கருவியை மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள். முதல் சத்தம் கேட்கும் தூரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். பிறகு முள்ளைத் திருப்பி, அதன் நுனி கருவியைப் பார்க்கும்படி வைத்து மறுபடி அளங்கள். முள் படுத்திருக்கும்போது கேட்கும் தூரமும், நுனி காட்டும்போது கேட்கும் தூரமும் ஒன்றாக இருக்காது. பாதி துருவேறிய பழைய முள் ஒன்றையும், எவர்சில்வர் முள் ஒன்றையும் இதேபோல் பாருங்கள். எவர்சில்வர் முள்ளுக்குச் சத்தம் பெரும்பாலும் மெலிந்து வரும்.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், பல கையடக்கக் கருவிகள் ஒரு தனி முள்ளை ஒரு சாண் தூரத்திலிருந்து உணராது. ஏழெட்டு அடி மீனின் உடலோ ஒரு சாணுக்கும் மேலே தடிமன். முதுகுப் பக்கமிருந்து எவ்வளவு தேடினாலும் இரைப்பையில் இருக்கும் முள் அகப்படாமல் போகலாம். அதனால்தான் வயிற்றுப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், அதனால்தான் இரு பக்கவாட்டிலும் மறுபடி பார்க்கிறோம். பேட்டரி இறங்க இறங்க இந்தத் தூரம் குறையும், எனவே மதியத்திலும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது பொய்ச் சத்தம். ஸ்நேக் ஆற்றில் ஓடும் படகுகள் பெரும்பாலும் அலுமினியம். ஏணையின் கம்பு அலுமினியமாக இருந்தால் மாற்றி, மரமோ பிவிசியோ போடுங்கள். கைக்கடிகாரம், மோதிரம், இடுப்பில் தொங்கும் கத்தி, உள்ளே இரும்புத் தகடு வைத்த பூட்ஸ், உயிர்காப்பு உடுப்பின் கொக்கி என எல்லாமே சத்தம் கொடுக்கும். மீன் இல்லாத வெறும் ஏணையைத் தண்ணீரில் விரித்து, ஆட்கள் தத்தம் இடத்தில் நிற்க, முழு நீளத்துக்கும் கருவியை ஓட்டிப் பாருங்கள். துளிச் சத்தமும் வரக்கூடாது. வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டுத்தான் மீனைக் கொண்டுவர வேண்டும்.

மீனைப் பிடித்து வைப்பது

இந்த வேலையில் மீனின் நலம்தான் முதல். தலைப்பக்கம் தொப்பி போல மூடி, அதில் தண்ணீர் தேங்கி நிற்கும்படி தைத்த ஏணை ஸ்டர்ஜனுக்கென்றே உண்டு. அதை ஆழமில்லாத கரையோரத்தில், ஓட்டம் குறைந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மீனை உள்ளே கொண்டுவந்து மெதுவாக மல்லாக்கத் திருப்புங்கள். மல்லாந்து கிடக்கும் ஸ்டர்ஜன் பெரும்பாலும் அடங்கிவிடும். வாயில் சிறு பம்பு வழியாக ஆற்றுத் தண்ணீர் தொடர்ந்து ஓடட்டும், செவுள் எப்போதும் நனைந்தபடி இருக்க வேண்டும்.

செவுள் மூடியில் விரலை மாட்டித் தூக்காதீர்கள். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகுத் தண்டுக்கே ஆபத்து. சிறிய ஸ்டர்ஜனின் எலும்புத் தட்டுகள் ரம்பம் போலக் கூர்மையாக இருக்கும், அதனால் கையுறை அவசியம். வயதான மீனில் அவை மழுங்கிப் போயிருக்கும்.

தண்ணீர் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் வேலையைச் சுருக்குவது அல்லது தள்ளிப்போடுவது என்பதுதான் என் நிலைப்பாடு. வெப்பமான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் தேறவும் நேரமாகும். முட்டையிடும் வயதை அடையவே பெண் ஸ்டர்ஜனுக்கு 15 ஆண்டுகளுக்கும் மேலாகும், அதன் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடாது. நம் கையில் ஒன்று செத்தால் ஆறு அதை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

கருவியை எடுக்கும் முன் நம் சொந்த முள்ளை அகற்ற வேண்டும். கணக்கெடுப்புக் குழுக்களும் பல முட்கள் கட்டிய நீளக் கயிற்றைப் போட்டுத்தான் மீன் பிடிக்கின்றன. கயிறு போட்டபோது எத்தனை முள், எடுத்தபோது எத்தனை முள் என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்றைய பதிவில் உடனே எழுதுங்கள். அடுத்த மாதம் யாரோ ஒரு மீனில் கண்டுபிடிக்கப் போகும் முள் நம்முடையதாகவே இருக்கலாம்.

பிறகு டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். நரம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா? முள் கண்ணுக்குத் தெரிந்து, கொறடு எளிதாக எட்டினால் எடுத்துவிடலாம். வயிற்றின் மேல் புண், வீக்கம், தோலைத் துளைத்து வெளியே வந்த முனை ஏதாவது உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள். கடைசியாகக் கழிவுத் துவாரம். சில மீன்களில் அதன் வழியே நரம்பு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் இழுக்கத்தான் கை போகும். இழுக்கவே கூடாது. மறுமுனையில் இருக்கும் முள் குடலில் குத்தியிருந்தால் குடலே கிழிந்துவிடும். தொங்கும் பகுதியை மட்டும் தோலை ஒட்டிக் கத்தரித்துவிட்டு, எவ்வளவு நீளம் தொங்கியது, எப்படிப்பட்ட நரம்பு என்று எழுதுங்கள்.

மீன் மெலிந்திருந்தால் உள்ளே முள் இருக்கிறது என்றோ, கொழுத்திருந்தால் இல்லை என்றோ எண்ணிக்கொள்ள வேண்டாம். மெலிவுக்கு வேறு காரணங்கள் எத்தனையோ உண்டு.

கருவியை ஓட்டுவது

முதலில் அடையாளச் சில்லைப் படிக்கும் கருவியால் மீனின் எண்ணைப் பாருங்கள். சில்லு அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது, கண்ணாடிக் கூட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். ஸ்டர்ஜனில் அதைப் பெரும்பாலும் தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கத்தில் செலுத்துவார்கள். டிடெக்டர் அதற்கு மிக அருகில் போனால் ஒலிக்கக்கூடும். இடம் முன்பே தெரிந்திருந்தால் குழப்பம் வராது.

இப்போது மீன் மல்லாந்து கிடக்கிறது. கருவியை வாயின் பின்விளிம்பில் தொடங்குங்கள். தோலைத் தொட்டும் தொடாமலும், விரல் தடிமனுக்கு மேல் இடைவெளி விடாமல், வயிற்றின் நடுக்கோட்டிலேயே கழிவுத் துவாரம் வரை வாருங்கள். வேகம் முக்கியம். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணினால், ஓர் எண்ணுக்கு உள்ளங்கை அகலம் நகர்ந்தால் போதும். அடுத்த ஓட்டம் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், முதல் ஓட்டத்தின் மேல் பாதி விழும்படி. அப்புறம் அதேபோல் வலப்பக்கம். பிறகு இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு முறை. மொத்தம் ஐந்து ஓட்டம். பெரிய மீனுக்கு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பருவம் முழுக்க எந்த அளவு மீனுக்கு எத்தனை என்பது மாறாமல் இருக்க வேண்டும். ஒருநாள் ஐந்தும் மறுநாள் மூன்றும் ஓட்டினால் இரண்டு நாள் கணக்கையும் ஒப்பிட வழியில்லை.

சத்தம் கேட்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஓட்டத்தை முடியுங்கள். முடித்த பின் திரும்பி வந்து, அந்த இடத்தைக் குறுக்காக ஒருமுறை, நீளவாக்கில் ஒருமுறை கடந்து பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் ஒலித்தால்தான் ‘உண்டு’ என்று எழுத வேண்டும். ஒருமுறை ஒலித்து மறுமுறை ஒலிக்காவிட்டால் ‘சந்தேகம்’ என்று தனியாக எழுதுங்கள். சந்தேகத்தை ‘உண்டு’ கணக்கிலும் ‘இல்லை’ கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

முதல் ஆளின் முடிவு தெரியாத இன்னொருவர் அதே மீனை மறுபடி ஓட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். நேரம் இடம்கொடுக்காவிட்டால் பத்தில் ஒரு மீனுக்காவது இதைச் செய்யுங்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதே உங்கள் முறையின் நம்பகத்தன்மையைச் சொல்லிவிடும்.

ஒலித்த இடத்தை எப்படிக் குறிப்பது? ‘வயிற்றின் நடுவே’ என்று எழுதினால் பின்னால் வருபவருக்கு எதுவும் புரியாது. ஸ்டர்ஜனின் உடம்பிலேயே அளவுகோல் இருக்கிறது. உடலின் நீளவாக்கில் ஐந்து வரிசையில் எலும்புத் தட்டுகள் உண்டு. அவற்றில் வயிற்றோரம் இருபுறமும் ஓடும் இரு வரிசைகளில், வெள்ளை ஸ்டர்ஜனுக்கு ஒரு பக்கத்துக்கு 9 முதல் 12 தட்டுகள் இருக்கும். தலைப்பக்கத்திலிருந்து எண்ணி, ‘இடது, 4ஆவது தட்டுக்கு நேராக, நடுக்கோட்டிலிருந்து மூன்று விரல்’ என்று எழுதுங்கள். மீன் வளர்ந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. சென்டிமீட்டரில் மட்டும் எழுதினால் மூன்று வருடம் கழித்து அந்தக் கணக்கு உதவாது.

ஒலித்த பிறகு

மெட்டல் டிடெக்டர் சொல்வது ‘இங்கே உலோகம் இருக்கிறது’ என்பதை மட்டும்தான். முள்ளா, சுழலும் கொக்கியா, ஈயக்குண்டா, ஒன்றா, மூன்றா என்று சொல்லாது. ஒலிக்கவில்லை என்பதும் முழு உறுதி கிடையாது. காலையில் அளந்த தூரத்துக்கு உள்ளே எதுவும் அகப்படவில்லை என்பதே அதன் பொருள்.

முள்ளை வெளியே எடுக்க முயல வேண்டாம். வயிற்றுக்குள் நீளக் கொறடு விட்டுத் துழாவினால் முள் செய்யாத கேட்டை நாம் செய்துவிடுவோம். சாதாரணக் கரிம எஃகு முள் மீனின் உள்ளே காலப்போக்கில் அரிந்து தேய்ந்து உடைந்துவிடும். எல்லா முள்ளும் மீனைக் கொன்றுவிடுவதில்லை. எவ்வளவு காலம் தங்குகிறது, அதுவரை மீனின் வளர்ச்சியைக் கெடுக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

எக்ஸ்ரே

உள்ளே இருப்பது என்னவென்று எக்ஸ்ரேதான் காட்டும். கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கருவி இதற்குப் போதும். தகடு மீனைவிடச் சிறியது என்பதால் உடலைப் பகுதி பகுதியாக எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு படத்திலும் ஈய எழுத்து ஒன்றை வைத்து, எந்தப் பகுதி, எந்தப் பக்கம் என்று அடையாளம் இடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரு கோணம் இருந்தால்தான் முள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். தகட்டுக்கும் மீனுக்கும் நடுவே தண்ணீர் தேங்கினால் படம் மங்கும்.

படத்தில் காற்றுப் பை கறுப்பாகவும், எலும்புத் தட்டுகள் வெளுப்பாகவும், உலோகம் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்ற வெள்ளையாகவும் விழும். இரைப்பையில் சிப்பி ஓடு கிடந்தால் அதுவும் வெளுப்பாகத் தெரியும், ஆனால் ஓரம் முள்ளைப் போல ஒழுங்காக இருக்காது. முள்ளின் தண்டு முழுத் தடிமனாக இருக்கிறதா, நடுவில் இளைத்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அரிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியும்.

கதிர்வீச்சு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பயிற்சியும் உரிமமும் உள்ளவர் மட்டுமே கருவியை இயக்க வேண்டும். மீனைப் பிடித்திருப்பவர்களுக்கு ஈய அங்கி, கதிர்வீச்சை அளக்கும் பட்டை இரண்டும் கட்டாயம். மற்றவர்கள் நன்றாகத் தள்ளிப் போய்விட வேண்டும், தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகக் குறையும். எல்லா மீனுக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. ஒலித்த மீன்களுக்கும், ஒலிக்காதவற்றில் முன்பே தீர்மானித்த ஒரு பங்குக்கும் எடுத்தால் டிடெக்டர் எத்தனை முள்ளைத் தவறவிடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

எழுத வேண்டியவை

மீனின் எண், மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம், சுற்றளவு, தண்ணீர் வெப்பம், கருவியின் பெயரும் உணர்திறன் நிலையும், ஓட்டியவர், ஒலித்த இடம், ஏணையில் இருந்த நிமிடங்கள். ஒலிக்காத மீனுக்கும் இவை அனைத்தையும் எழுத வேண்டும். புதியவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது இதைத்தான். அதே மீன் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பிடிபட்டு ஒலிக்கும்போது, முள் இடையில்தான் போயிருக்கிறது என்று சொல்ல அந்த ‘இல்லை’ வேண்டும். முன்பு ஒலித்த மீன் இப்போது ஒலிக்காவிட்டால், முள் கரைந்தோ வெளியேறியோ இருக்கலாம், டிடெக்டர் தவறவிட்டிருக்கவும் கூடும்.

தூண்டில் போடுபவர்களுக்கு

களப்பணியில் இருந்தால் கரையில் தூண்டில் போடுபவர்கள் வந்து கேட்பார்கள், நாங்கள் என்ன செய்யலாம் என்று. சொல்வதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. ஐடஹோவில் ஸ்டர்ஜனுக்குத் தூண்டில் போடும்போது ஈயக்குண்டைப் பிரதான நரம்பைவிட வலிமை குறைந்த தனி நரம்பில், வழுக்கிச் செல்லும்படி கட்ட வேண்டும் என்பது விதி. காரணம் எளியது. பாறை இடுக்கில் முதலில் சிக்குவது குண்டுதான். பிரதான நரம்பு 80 பவுண்டு தாங்கும், குண்டு நரம்பு 20 பவுண்டுதான் தாங்கும் என்று வையுங்கள். இழுக்கும்போது குண்டு மட்டும் அறுந்து ஆற்றில் தங்கும், முள்ளும் இரையும் கைக்குத் திரும்பிவிடும். இரண்டும் ஒரே வலிமையாக இருந்தால் இரை கோத்த முள்ளே ஆற்றடியில் தங்கிவிடும், அதைத் தேடி ஒரு ஸ்டர்ஜன் வந்துவிடும்.

எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நீட்டும் கூர்) இல்லாத முள் அங்கே ஏற்கெனவே கட்டாயம். எவர்சில்வர் முள்ளைத் தவிர்க்கச் சொல்லுங்கள், மீனின் வயிற்றில் அது எளிதில் அரிக்காது. மீனின் வாயிலோ கழிவுத் துவாரத்திலோ நரம்பு தொங்குவதைப் பார்த்தால் இழுக்காமல் கத்தரித்துவிட்டு, இடத்தையும் நாளையும் ஐடஹோ மீன், வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மீனின் படம் ஒன்றையும், தண்ணீரிலிருந்து தூக்காமல் எடுத்து, சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.